கதவையும் சாத்திவிட்டுக் கையையும் பிடித்து வைப்பதா? வேர்ல்ட் றக்பிக்கு ஒரு திறந்த மடல்

றக்பியின் உலக ஆளும் அமைப்பான வேர்ல்ட் றக்பியின் தலைவர் பிரெட் றொபின்சன் அவர்களுக்கும் பேரவை உறுப்பினர்களுக்கும்,

அடுத்த உலகக் கிண்ணம் 2027 ஒக்டோபர் 1ஆம் திகதி அவுஸ்திரேலியாவில் தொடங்குகிறது. ஒரு நாட்டுக்கு ஆடியவர் இன்னொரு நாட்டுக்கு மாற முப்பத்தாறு மாதம் காத்திருக்கவேண்டும் என்பது உங்கள் விதி. தொடக்க நாளிலிருந்து முப்பத்தாறு மாதம் பின்னோக்கி எண்ணினால் 2024 ஒக்டோபர் 1 வருகிறது. அந்த நாளுக்குப் பிறகு ஒரு பெரிய நாட்டுக்காக ஒரே ஒரு டெஸ்டில் (நாட்டுக்கு நாடு ஆடும் ஆட்டத்தில்), அதுவும் கடைசிப் பத்து நிமிடம் மாற்று வீரராக இறங்கிய ஒரு சமோவாப் பையனை நினைத்துக்கொள்ளுங்கள். தெரிவாளர்கள் அதன்பின் அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவன் பிரான்சில் ஒரு கழகத்துக்குப் போய்விட்டான். சமோவா கூப்பிடுகிறது, அவனும் வரத் தயார். ஆனாலும் தொடக்க ஆட்டத்தை அவன் பார்வையாளர் வரிசையில் இருந்துதான் பார்க்க வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தை அவன் 2024 நவம்பர் நடுவில் ஆடியிருந்தால் இன்னும் மோசம். இறுதிப் போட்டி நவம்பர் 13. அவனுடைய தடை முடியும்போது கிண்ணத்தை யாருக்கோ கொடுத்து முடித்திருப்பீர்கள்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த இரவுதான் எழுத உட்கார்ந்தேன்.

நான் றக்பி ஆடியவன் அல்லன். கண்டியில் நித்தவெல மைதானத்து வேலியோரம் நின்று பார்த்து வளர்ந்தவன், அவ்வளவுதான். பிறகு தெற்கு ஒக்லாந்துக்கு வந்து சேர்ந்தேன். இங்கே குளிர்காலச் சனிக்கிழமைகளில் ஒரு சிறுவர் அணிக்கு முகாமையாளராக இருக்கிறேன். பெயர்தான் பெரிது, தண்ணீர்ப் போத்தல் தூக்குவது, தோடம்பழம் வெட்டிக் கொடுப்பது, காணாமற்போன காலுறையைத் தேடுவது எல்லாம் அதில் அடக்கம். ஒக்லாந்தில் சிறுவர்களை வயதோடு எடையையும் பார்த்துப் பிரிப்பார்கள். ஆகவே பருவத் தொடக்கத்தில் தராசோடும் பிறப்புச் சான்றிதழ்களோடும் மேசையில் உட்காருகிறவனும் நான்தான். தாய் பிறந்த இடம் சமோவாவின் அபியா, தந்தை பிறந்த இடம் டொங்காவின் வவாவு, பிள்ளை பிறந்த இடம் ஒக்லாந்து. இப்படித்தான் பத்திரங்கள் வரும். பெரியவனானதும் எந்த நாட்டுக்கு ஆடப்போகிறாய் என்று கேட்டால் பத்து வயதுப் பிள்ளை யோசிக்காமல் "இரண்டுக்கும்" என்று சொல்லும். சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்க அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பாட்டனின் பத்திரத்தை வைத்துப் பேரனின் நாட்டைத் தீர்மானிக்கும் சட்டத்தை நான் முதன்முதலில் சந்தித்தது உங்கள் 8ஆம் ஒழுங்குவிதியில் அல்ல. எங்கள் குடும்பம் மலையகத் தோட்டத்திலிருந்து வந்தது. 1948ஆம் ஆண்டின் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பன் இலங்கையில் பிறந்தானா என்று கேட்டது. இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் பிறந்தார்களா என்று கேட்டது. லயத்தில் பிறந்தவனுக்கு யார் சான்றிதழ் எழுதி வைத்தார்கள்? கவ்வாத்துக் கத்தியோடு வாழ்நாள் முழுக்க அந்த மலைகளில் ஏறி இறங்கிய என் பாட்டனார் நாடற்றவராகவே கண்ணை மூடினார். அதனால்தான் பக்கத்து வீட்டுச் சமோவா முதியவர் 1982இல் நடந்ததைச் சொன்னபோது எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. 1924க்கும் 1948க்கும் இடையில் மேற்குச் சமோவாவில் பிறந்தவர்கள் நியூஸிலாந்துப் பிரஜைகளே என்று லண்டன் கோமறை மன்றம் (பிரிவி கவுன்சில்) தீர்ப்பளித்தது. அதே ஆண்டிலேயே நியூஸிலாந்து நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு அதைப் பறித்துக்கொண்டது. உயிரோடு எஞ்சியவர்கள் மீண்டும் பெற வழிசெய்யும் சட்டம் 2024இல்தான் வந்தது. நீங்கள் இன்று மேசையில் வைத்து ஆராய்கிற பாட்டன்மார் பலர் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர்கள். விளையாட்டு வேறு, குடியுரிமை வேறு என்பது எனக்குத் தெரியும். இந்தப் பையன்களின் பத்திரங்களை நான் ஏன் வெறும் பத்திரங்களாகப் பார்ப்பதில்லை என்று உங்களுக்கும் தெரியவேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 2021 நவம்பரில் உங்கள் பேரவை எடுத்த முடிவு நல்ல முடிவு. ஒரு நாட்டுக்கு ஆடியவர் மூன்று ஆண்டு சர்வதேசப் போட்டிகளில் இருந்து விலகியிருந்தால், தான் பிறந்த நாட்டுக்கோ, பெற்றோரோ பாட்டன் பாட்டியோ பிறந்த நாட்டுக்கோ, வாழ்நாளில் ஒரே ஒரு தடவை மாறிக்கொள்ளலாம் என்றீர்கள். 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ஒலிம்பிக் ஏழுபேர் ஆட்டத்தில் புதிய நாட்டுக்கு ஆடி மாறும் பின்வாசல் ஒன்றுதான் இருந்தது. டொங்காவில் பிறந்து, நியூஸிலாந்துக்கு 24 டெஸ்ட் ஆடி, 2015 உலகக் கிண்ணம் வென்ற அணியில் இருந்த மலக்காய் ஃபெகிட்டோவா 2022இல் டொங்காவின் சிவப்புச் சட்டையோடு களமிறங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். அன்று எங்கள் தெருவில் யாரும் சீக்கிரம் தூங்கவில்லை. சார்ள்ஸ் பியுட்டாவும் அதே பருவத்தில் வந்தார். நியூஸிலாந்துக்கு 17 டெஸ்ட் ஆடிவிட்டு 2015க்குப் பிறகு அதன் கறுப்புச் சட்டையைப் போடாதவர். ஏழு ஆண்டு எந்த நாடும் இல்லாமல் ஐரோப்பியக் கழகங்களுக்கு ஆடிக்கொண்டிருந்தவர்.

ஆனால் வந்தவர்களின் வயதைக் கவனித்தீர்களா? ஃபெகிட்டோவாவுக்கும் பியுட்டாவுக்கும் அப்போது முப்பது. 2023 உலகக் கிண்ணத்தில் சமோவாவுக்கு ஆடிய லீமா சொபோவாங்காவுக்கும் ஸ்டீவன் லுவாட்டுவாவுக்கும் முப்பத்திரண்டு. அவுஸ்திரேலியாவுக்கு ஆடிவிட்டு வந்த கிறிஸ்டியன் லியாலிஇஃபானோ அந்தத் தொடரின் நடுவில்தான் முப்பத்தாறாவது பிறந்தநாளைக் கொண்டாடினார். நியூஸிலாந்துக்கு 2014இல் இரண்டே இரண்டு டெஸ்ட் ஆடிய ஒகஸ்டின் புலுவும் 2023இல் டொங்கா அணியில் இருந்தார். இடையில் போன ஆண்டுகள் ஒரு ஸ்க்ரம் ஹாஃபின் முழு வாழ்க்கை.

இவர்கள் காத்திருந்தது விதி பிறப்பதற்காக என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். இனி வருகிறவர்கள் காத்திருக்கப்போவது விதி முடிவதற்காக. இருபத்திரண்டு வயதில் கைவிடப்பட்டவன் இருபத்தைந்தில் வருவான், அது பரவாயில்லையே என்று காகிதத்தில் தோன்றும். றக்பியில் ஒரு விங்கருக்கு இருபத்திரண்டிலிருந்து இருபத்தைந்து வரை உள்ள கால்களைத் திருப்பிக் கொடுக்க உங்களால் முடியுமா? நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் கிண்ணத்தை மூன்று ஆண்டுத் தடையோடு பொருத்திப் பாருங்கள். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது 2031. அப்போது அவனுக்கு முப்பதை நெருங்கியிருக்கும்.

இனி என் முறைப்பாட்டின் மையத்துக்கு வருகிறேன்.

நியூஸிலாந்து தன் நாட்டில் ஆடாத வீரரைத் தேசிய அணிக்கு எடுப்பதில்லை. இங்கிலாந்தும் விதிவிலக்கான சூழ்நிலை தவிர வெளிநாட்டுக் கழகத்தில் ஆடுகிறவரை எடுப்பதில்லை. அவுஸ்திரேலியா இத்தனை டெஸ்ட், இத்தனை ஆண்டு என்று கணக்குப் போட்டுச் சிலரை மட்டும் எடுத்துவந்தது. இவை அந்தந்த நாட்டு றக்பிச் சங்கங்களின் உள்வீட்டு விதிகள். உள்ளூர்ப் போட்டிகளைக் காப்பாற்ற வேண்டும் என்ற நியாயம் அவர்களுக்கு உண்டு. (தென்னாபிரிக்கா தன் வீரர் உலகின் எந்த மூலையில் ஆடினாலும் எடுக்கிறது, 2019, 2023 என்று இரண்டு கிண்ணத்தைத் தொடர்ந்து தூக்கியது. அது வேறு கதை.) ஆக, ஒரு வீரர் ஜப்பானுக்கோ பிரான்சுக்கோ கையெழுத்துப் போடுகிற அன்றே அவருக்குத் தேசிய அணியின் கதவு சாத்தப்படுகிறது. சாத்துவது சங்கம். சாத்திய பிறகும் மூன்று ஆண்டு அவர் அந்தச் சங்கத்தின் சொத்து. வைக்கோற்போரில் படுத்திருக்கும் நாயைப் பற்றி எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். தானும் தின்னாது, மாட்டையும் தின்னவிடாது. அந்த நாய்க்கு நீங்கள் ஓர் ஒழுங்குவிதி எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்.

2025 ஒக்டோபரில் ஆர்360 என்ற புதிய லீக் பற்றிய பேச்சு எழுந்தபோது என்ன நடந்தது? எட்டுப் பெரிய சங்கங்கள் ஒரே அறிக்கையில், அங்கே போகிறவருக்குத் தேசிய அணியில் இடமில்லை என்றன. கழகம் மாறினால் நாடு இல்லை என்று ஒரே நாளில் சொல்ல முடிகிறது. அப்படியானால் இனி நீ எங்களுக்குத் தேவையில்லை, உன் பாட்டியின் நாட்டுக்குப் போய் ஆடு என்று சொல்ல மட்டும் ஏன் ஆயிரத்துச் சொச்சம் நாள் வேண்டியிருக்கிறது?

எங்கள் தெருப் பையன் ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், இன்னும் சம்பாதித்துக்கொண்டிருக்கிறான். தாய் இரவில் அலுவலகங்கள் துப்புரவு செய்கிறவர். அவனை முதன்முதலில் தராசில் ஏற்றியது நான்தான். எடை கூடிவிட்டதென்று பெரிய பையன்களோடு ஆட அனுப்பினேன், அன்று அழுதான். பத்தொன்பது வயதில் ஓர் ஐரோப்பியக் கழகம் அவனைத் தேடி வந்தது. சமோவாவின் அழைப்பும் அதே மாதம் வந்தது. ஒப்பந்தம் பேசித் தருகிறவர் வீட்டுக்கு வந்து, தாயின் முன்னால், அமைதியாகச் சொன்னார்: சமோவாவுக்கு ஆடுவாய் என்றால் கழகம் தரும் தொகை குறையும், ஒவ்வொரு நவம்பரிலும் உலகக் கிண்ண ஆண்டிலும் நீ இல்லாமற்போவாய் என்று அவர்கள் கணக்குப் பண்ணுவார்கள். பெரிய நாட்டுக்கு ஆடக்கூடியவன் என்ற பேச்சு இருக்கும்வரை உன் விலை இருக்கும். ஆகவே எந்தப் பக்கமும் பதில் சொல்லாதே.

அவன் பதில் சொல்லவில்லை. தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது, தாய் அதைத் தலையணைக்கு அடியில் வைத்தார். அந்த வீட்டுக்கு அடமானக் கடன் இருந்தது. நான் அவனுக்கு என்ன புத்தி சொல்லியிருக்க முடியும்? தேசிய அணிக்கு வீரரை விடுவிக்கும்படி கழகங்களைக் கட்டாயப்படுத்தும் 9ஆம் ஒழுங்குவிதி உங்களிடம் இருக்கிறது. விடுவிக்கக் கேட்காதே என்று கூடத்துச் சோபாவில் உட்கார்ந்து சொல்லப்படுகிற வார்த்தையை அது பிடிக்காது.

இப்போது பக்கத்து வீட்டுக்கு ஒருதரம் போய்வருவோம். பதின்மூன்று பேர் ஆடும் றக்பி லீக்கில் இரண்டாம் தர நாடுகளுக்கு வீரர்கள் மாறுவதை எளிதாக்கினார்கள். 2017 உலகக் கிண்ணத்துக்குச் சில வாரங்களுக்கு முன் ஜேசன் டௌமலோலோ நியூஸிலாந்தை விட்டு டொங்காவுக்கு வந்தார். பலர் திட்டினார்கள். நவம்பர் 11ஆம் திகதி ஹமில்டனில் டொங்கா நியூஸிலாந்தை 28–22 என்று வென்றது. இரண்டு வாரம் கழித்து மவுண்ட் ஸ்மார்ட் அரங்கில் அரையிறுதி. நான் அங்கே இருந்தேன். ஒட்டாஹுஹுவில் கார்கள் நகரவில்லை. எல்லாக் கண்ணாடியிலும் சிவப்புக் கொடி. பாட்டிமார் கதிரையை வீதியோரம் போட்டு உட்கார்ந்து தோத்திரப் பாடல் பாடினார்கள். இங்கிலாந்து 20–18 என்று தப்பித்தது. இரண்டு புள்ளி. தோற்ற பிறகும் யாரும் அரங்கை விட்டுப் போகவில்லை. 2019இல் அதே டொங்கா அவுஸ்திரேலியாவை வென்றது. 2022இல் சமோவா லீக் உலகக் கிண்ணத்தின் இறுதிப் போட்டிவரை போனது. அந்த விளையாட்டின் மானம் போய்விட்டதா? டிக்கெட் கிடைக்காமற்போனது, அதுதான் நடந்தது.

உங்கள் பக்கத்தில் என்ன நடந்தது என்றும் பார்ப்போம். 1991இல், தான் ஆடிய முதல் உலகக் கிண்ணத்திலேயே, வேல்ஸை அதன் சொந்தக் கார்டிஃபில் 16–13 என்று வீழ்த்திக் காலிறுதிக்குப் போன நாடு சமோவா. 2023இல் இங்கிலாந்திடம் ஒரே ஒரு புள்ளியில், 18–17 என்று தோற்றது. புதிய விதியால் வந்தவர்கள் அந்த அணியில் இருந்தார்கள். 2025 நவம்பரில் அதே சமோவா டுபாயில் பெல்ஜியத்தோடு 13–13 என்று சமநிலையில் முடித்து, 2027 உலகக் கிண்ணத்தின் இருபத்துநான்கு இடங்களில் கடைசி இடத்தைப் பிடித்தது. பெல்ஜியத்தைக் குறைசொல்லவில்லை, அவர்கள் நன்றாக ஆடினார்கள். இருந்தாலும் எங்கள் கழக மண்டபத்தில் அன்று யாரும் வாய்திறக்கவில்லை. 2026 முதல் என்று வகுக்கப்பட்ட நேஷன்ஸ் சம்பியன்ஷிப் என்ற புதிய தொடரில் பன்னிரண்டு அணிகள். பிஜி உள்ளே இருக்கிறது, மகிழ்ச்சி. சமோவாவும் டொங்காவும் வெளியே. மேலேறும் வழி 2030இல்தான் திறக்கும். பத்துப் பெரிய சங்கங்களுக்குப் பேரவையில் மும்மூன்று வாக்கு. சமோவாவுக்கு 2018இல்தான் முதல் இருக்கை கிடைத்தது, ஒரு வாக்கோடு. இந்தக் கணக்கை யார் போட்டாலும் விடை ஒன்றுதான் வரும்.

கதவு எப்போதும் இப்படிப் பூட்டியிருந்ததும் இல்லை. மைக்கல் ஜோன்ஸ் 1986இல் சமோவாவுக்கு ஆடினார். 1987இல் நியூஸிலாந்தோடு உலகக் கிண்ணம் வென்றார். 1991இல் கார்டிஃபில் வென்ற சமோவா அணியில் இருந்த ஃபிராங்க் பன்ஸ் அடுத்த ஆண்டே நியூஸிலாந்து அணிக்குப் போனார். இருவரும் ஒக்லாந்தில் பிறந்தவர்கள், ஆகவே அதில் தவறு காணமாட்டேன். ஆனால் அப்போது யாரும் அவர்களை மூன்று ஆண்டு மூலையில் உட்காரச் சொல்லவில்லை. 2000ஆம் ஆண்டில் வேல்ஸுக்கு ஆடிய இருவரின் பாட்டனார்கள் வேல்ஸில் பிறக்கவே இல்லை என்று தெரியவந்து பெரிய கூத்தானது. பொய்ப் பாட்டனைக் காட்டியது ஐரோப்பாவில். பூட்டின் பாரம் பசிபிக் தீவுகளின் வாசலில்.

நாடு மாறுவதை எளிதாக்கினால் பணக்கார நாடுகளும் அதைப் பயன்படுத்தும் என்பது உங்கள் தரப்பின் வலுவான வாதம். பயன்படுத்துகின்றன. அயர்லாந்துக்கு 2019 உலகக் கிண்ணம் ஆடிய ஜீன் கிளெய்ன் தான் பிறந்த தென்னாபிரிக்காவுக்கு 2023இல் ஆடிக் கிண்ணம் வென்றார். அவுஸ்திரேலியாவுக்கு 14 டெஸ்ட் ஆடிய ஜக் டெம்ப்ஸி ஸ்கொட்லாந்துக்குப் போனார். இருவருக்கும் பிறப்பாலோ இரத்தத்தாலோ உரிமை இருந்தது, ஆடினார்கள். ஆகவேதான் எல்லாருக்கும் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. பிறப்பு அல்லது பாட்டன் பாட்டித் தொடர்பு இருக்கட்டும், வாழ்நாளில் ஒரு தடவை என்பதும் இருக்கட்டும். பொய்ப் பத்திரத்தைப் பிடிக்க உங்கள் குழு இருக்கிறது. தராசு மேசையில் உட்காருகிறவன் என்ற முறையில் அதை வரவேற்கிறேன். அந்த மூன்று ஆண்டைப் பற்றித்தான் பேசுகிறேன்.

கேட்பவை இவை.

ஒரு சங்கம் தன் சொந்தக் கொள்கையால், வேறு நாட்டுக் கழகத்தில் ஆடுகிறார் என்ற காரணத்துக்காக ஒரு வீரரைத் தேர்வுக்கு வெளியே வைத்தால், அந்த நாளிலிருந்தே அவருக்குக் காத்திருப்புக் காலம் இல்லை என்று 8ஆம் ஒழுங்குவிதியைத் திருத்துங்கள். எடுக்கவும் மாட்டோம், விடவும் மாட்டோம் என்ற நிலை ஒரு நாள்கூட நீடிக்கக்கூடாது. இது எல்லாவற்றிலும் முதன்மையானது; மற்றவற்றை மறுத்தாலும் இதை மறுக்க உங்களிடம் நியாயம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இருபத்துமூன்று வயதுக்குள் மூன்று டெஸ்டுக்கு மேல் ஆடாதவர், நேஷன்ஸ் சம்பியன்ஷிப்பின் பன்னிரண்டுக்கு வெளியே உள்ள நாட்டுக்கு மாற விரும்பினால், முப்பத்தாறு மாதத்தைப் பன்னிரண்டாக்குங்கள். அதையும் 2027 உலகக் கிண்ண அணிகள் அறிவிக்கப்படும் முன் நடைமுறைக்குக் கொண்டுவாருங்கள். கிண்ணம் முடிந்த பிறகு வரும் சீர்திருத்தம் இப்போது இருபத்துமூன்று வயதில் இருப்பவனுக்கு உதவாது.

தேசிய அணிக்குப் போகாமல் இருப்பதற்காகக் கூடுதலாகக் கொடுப்பதும், போனால் குறைப்பதும், எழுத்தில் இருந்தாலும் வாய்வார்த்தையில் இருந்தாலும், தண்டனைக்குரியதென 9ஆம் ஒழுங்குவிதியில் இன்னும் தெளிவாக எழுதுங்கள். வீரர்கள் பெயர் வெளிவராமல் முறைப்பாடு சொல்ல, கழகங்களுக்கும் சங்கங்களுக்கும் சம்பந்தமில்லாத ஓர் ஆளை வையுங்கள். சமோவா மொழியும் டொங்கா மொழியும் பேசத் தெரிந்த ஆளாக இருக்கட்டும்.

இந்தத் திருத்தங்கள் மீதான வாக்கெடுப்புக்கு முன் ஒரு கூட்டத்தை அபியாவிலோ டொங்காவின் நுக்குஅலோஃபாவிலோ வையுங்கள். முடிவு எதுவானாலும், எந்தச் சங்கம் எப்படி வாக்களித்தது என்பதை வெளியிடுங்கள்.

றொபின்சன் அவர்களே, நீங்களும் அவுஸ்திரேலியாவுக்கு டெஸ்ட் ஆடியவர். அந்தச் சட்டையை முதல் தடவை கையில் வாங்கிய நாள் உங்களுக்கு மறந்திருக்காது. வரும் பருவத்தின் எடைபார்க்கும் சனிக்கிழமைக்கு நீங்களோ பேரவையிலிருந்து ஒருவரோ எங்கள் மைதானத்துக்கு வாருங்கள் என்பது கடைசிக் கோரிக்கை. காலை எட்டு மணிக்குத் தொடங்குவோம். பத்திரங்களைச் சரிபார்க்க இன்னொரு கதிரை போட்டு வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சிறுவர் அணியின் முகாமையாளர்,
தெற்கு ஒக்லாந்து